கசப்பைத் துரத்திய கரடி

ஒரு காட்டில் தேனப்பன் என்றொரு கரடி இருந்தது. அதற்குத் தேன் என்றால் உயிர். கசப்பு மட்டும் ஆகவே ஆகாது. வேப்பமர நிழலில்கூடப் படுக்காது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

கோடை வந்தால் அந்தக் காட்டுக்குச் செந்நாய்க் கூட்டமும் வரும். அப்போது கரடிகளெல்லாம் ஒரு செங்குத்துப் பாறையின் மேல் ஏறித் தப்பித்துக்கொள்ளும். பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டால், செந்நாய்களுக்கு அன்று விருந்துதான்.

ஒரு நாள் தேனப்பன் வயிறு முட்டத் தேன் தின்றது. பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. ஏப்பத்தோடு பித்தநீரும் கொஞ்சம் தொண்டைக்கு ஏறிவிட்டது.

"தூ! தூ! என் வயிற்றுக்குள் எவன் வேப்பங்காய் வைத்தான்?" என்று அது அலறியது.

அலறலைக் கேட்டு நரி ஓடி வந்தது. நரி தன்னைத் தானே வைத்தியர் என்று சொல்லிக்கொள்ளும். தேனப்பனின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தது.

"பித்தம்தான், தேனப்பா. இந்தக் களிமண் உருண்டையைத் தினமும் விழுங்கு. குடலுக்கு வருகிற பித்தத்தையெல்லாம் ஒட்டிப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும்."

"மருந்து கசக்குமா, வைத்தியரே?"

"மண் எங்கேயாவது கசக்குமா? கூலியாகத் தினம் ஒரு தேனடை கொடு. போதும்."

தேனப்பன் விழுங்கியது. கசப்பு போயே போய்விட்டது! ஆனால் நாளாக ஆக உடம்பு கனத்தது. நாலு எட்டு நடந்தால் நெஞ்சு படபடத்தது. கோடை நெருங்குகிறதே என்று பாறையில் ஏறிப் பழகப் போனால், பாதியிலேயே சர்ரென்று சறுக்கிக் கீழே வந்து விழுந்தது.

மரத்திலிருந்த குரங்கு விழுந்து விழுந்து சிரித்தது.

"அண்ணே, பாறையில் ஏறுகிறீர்களா, இல்லை பாறையைத் துடைக்கிறீர்களா?"

தேனப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "வழக்கமாகத் தின்பதைத்தானே தின்கிறேன்? கூடுதலாக ஒரு சொட்டுக்கூட நக்கவில்லையே! செந்நாய்கள் வந்தால் நான் என்ன செய்வேன்?"

"என்னைக் கேட்டால்?" என்று வலது விலாவுக்குக் கீழே ஒரு குரல் சிடுசிடுத்தது. "நானே ஓய்வில்லாமல் வேலை செய்து களைத்துப் போயிருக்கிறேன்."

"யாரது?"

"உன் கல்லீரல்!"

"அப்படி என்ன பெரிய வேலை?"

"கொழுப்பைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி இரத்தத்தில் அனுப்புகிறேன். அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்."

"இவ்வளவு அனுப்பச் சொல்லி உன்னை யார் கேட்டது? போதும் என்று நிறுத்த வேண்டியதுதானே?"

"எனக்குக் கண்ணா இருக்கிறது, போதுமா போதாதா என்று பார்க்க? நான் குடலுக்கு அனுப்பும் பித்தநீர் அங்கே வேலையை முடித்துக்கொண்டு என்னிடமே திரும்பி வரும். வந்ததும், 'கொழுப்பை இப்படி வாரி இறைக்காதே' என்று ஒரு அதட்டல் போடும். நானும் கையை இறுக்கிக்கொள்வேன். கொஞ்ச நாளாக அது திரும்பவே இல்லை. நீ எங்கேயாவது பார்த்தாயா?"

பித்தத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோனது அந்தக் களிமண் உருண்டைதான் என்று தேனப்பனுக்குச் சட்டெனப் புரிந்தது. அந்த நேரம் பார்த்து நரி வந்து சேர்ந்தது.

"ஏற முடியவில்லையா? அப்படியென்றால் உள்ளே பித்தம் மிச்சம் இருக்கிறது. இன்றைக்கு இரண்டு உருண்டை! தேனடையும் இரண்டு!"

தேனப்பன் ஓர் உருண்டையை எடுத்து நரியின் வாயருகே நீட்டியது.

"எவ்வளவு அருமையான மருந்து! நீங்களும் ஒன்று விழுங்குங்கள், வைத்தியரே. செந்நாய்கள் உங்களை மட்டும் விட்டுவிடுமா?"

நரி பின்னால் துள்ளியது. "எனக்கா? ஐயையோ! நான் ஓட வேண்டியவன் அப்பா!"

சொன்ன பிறகுதான் நரி வாயைப் பொத்திக்கொண்டது.

"அப்படியானால் எங்கள் அண்ணன் ஓட வேண்டாதவரோ?" என்று குரங்கு மேலிருந்து கேட்டது.

தேனப்பன் ஓர் உறுமல் உறுமியது. அதற்கப்புறம் நரியின் வால்கூட அங்கே தெரியவில்லை.

களிமண் நின்றது. பித்தம் தன் வழியே கல்லீரலுக்குத் திரும்பியது. கூடவே அந்தப் பழைய கசப்பும் அவ்வப்போது தொண்டைக்கு வந்தது. தேனப்பனுக்குக் கண்ணில் நீர் முட்டும். ஆனாலும் துப்பாமல் விழுங்கிக்கொள்ளும். உடம்பு ஒரே நாளில் இளைத்துவிடவில்லை. இன்றைக்கு இடுப்புயரம், நாளைக்கு மரத்துயரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பாறையில் ஏற முடிந்தது.

கோடை பிறந்தது. ஒரு விடியற்காலையில் செந்நாய்கள் ஊளையிட்டுக்கொண்டு வந்தன. தேனப்பன் பாய்ந்து பாறையைப் பற்றியது. கீழே பற்கள் அதன் குதிகாலை உரசின. நிற்காமல், திரும்பிப் பார்க்காமல் உச்சிவரை ஏறிவிட்டது. செந்நாய்கள் குரைத்துக் குரைத்துத் தொண்டை வறண்டு திரும்பிப் போயின.

"தப்பித்துவிட்டீர்களே, அண்ணே! பிறகு ஏன் முகத்தை இப்படிக் கோணுகிறீர்கள்?" என்றது குரங்கு.

"கசக்கிறதடா!" என்று சொல்லிவிட்டு, தேனப்பன் அட்டகாசமாகச் சிரித்தது.

நீதி: 'போதும்' என்று சொல்ல வருபவர் கசந்தாலும், அவரைத் துரத்தாதே.