கத்தும் பாட்டுக்கு ஓர் உரை

குரு என்றால் தாடி வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே மூடிவைத்துவிடலாம். இவருக்கு வயது முப்பத்தொன்று. பெயர் ஜோவிட்டா. பெரம்பூரில் ஒரு டயர் கடையின் மாடியில், ஹெவி மெட்டல் பாட்டை உறுமிப் பாடுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறார். எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சீடர் அருணகிரி அவரைவிட மிகவும் மூத்தவர். தமிழ்ப் பேராசிரியர். சைவ நூல்களுக்கு உரை எழுதிப் பெயர் வாங்கியவர். அவர் தம் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வந்ததற்குக் காரணம் மகன் ஆதன்.

ஆதன் இதே மாஸ்டரிடம் கற்றவன். அப்பாவோடு பேச்சு நின்று, வீட்டைவிட்டுப் போய் ஒரு வருடமாகிறது. போன மாதம் தானே எழுதிய பாட்டை அப்பாவுக்கு அனுப்பிவைத்தான். மேடையேறும் தேதியையும் சொல்லி, கூடவே ஒன்று சொன்னான். "புரிஞ்சா வாங்கப்பா. புரியலைன்னா வராதீங்க."

அருணகிரிக்கு மகன் வேண்டும். ஆகவே பாட்டு புரிந்தாக வேண்டும். உறுமினால் புரியுமோ என்று வகுப்பில் சேர்ந்தார்.

கச்சேரி நாளன்று மதியம் வந்தார். முகத்தில் தெளிவு இருந்தது.

"மாஸ்டர், உரை முடிஞ்சுது."

"சொல்லுங்க சார்." மாஸ்டர் அறுந்த மைக் ஒயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"என் எலும்பை உடைத்து உன் கதவைத் தட்டினேன்னு ஆரம்பிக்கிறான். எலும்பு ஆணவம். கதவு மாயை. உள்ளே ஒரு விளக்கு எரியுதுன்னு வருதே, அது சிவஞானம்."

"ம்."

"கடைசி வரி, நீ கேட்கும்வரை கத்துவேன். அந்த 'நீ' இறைவன். பக்குவப்படாத ஆன்மா கதறுது. பையன் பெரிய இடத்தைத் தொட்டுட்டான் மாஸ்டர். ரெண்டு இடத்துல ஒற்று விட்டிருக்கான், அது வேற விஷயம்."

"கடைசி வரியை எனக்குப் பாடிக் காட்டுங்க."

அருணகிரி பாடினார். தேவாரம் ஓதுவதுபோலத்தான் வந்தது. மாஸ்டர் ஒயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுபடி பாடினார். மாஸ்டர் எழுந்துபோய்க் கெட்டிலில் தண்ணீர் வைத்தார்.

சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று அடிவயிற்றிலிருந்து பாடினார். மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்து, வாசலை மறித்து நின்ற வண்டியை எடுக்கச் சொன்னார்.

"சரியா இருக்கா மாஸ்டர்?"

மாஸ்டர் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

அருணகிரிக்கு முகம் சிவந்துவிட்டது. கல்லூரி வகுப்பில் அவர் வாய் திறந்தால் மாணவர்கள் மூச்சு விடவும் யோசிப்பார்கள். இப்படி ஓர் அவமானம் அவருக்குப் பழக்கமில்லை.

"மனுஷன் ஒருத்தன் உங்க முன்னாடிதானே நிக்கிறேன்? திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்களா?"

குரல் பிளந்துவிட்டது. ஒரு மாதமாக வராத உறுமல் அதில் இருந்தது. கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் நின்று, கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கியது.

மாஸ்டர் திரும்பினார்.

"இது யாருக்குச் சொன்னது சார்? இறைவனுக்கா?"

"உங்களுக்குத்தான். இங்கே வேற யாரு..."

சொல்ல வந்ததை அருணகிரி முடிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவருக்கு வலித்தது. இவ்வளவு நேரம் பாடிய தொண்டையில் அல்ல.

தம் பக்கத்து நியாயத்தைத்தான் சொன்னார்.

"நான் அவன் பேச்சைக் கேட்காம இருந்ததில்லை மாஸ்டர். சின்ன வயசுலேர்ந்து ஒரு சொல் விடாம கேட்டிருக்கேன். எங்கே பிழை வந்தாலும் அங்கேயே நிறுத்தித் திருத்தியிருக்கேன்."

மாஸ்டர் வெந்நீரை டம்ளரில் ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"பிழையெல்லாம் உங்க காதுல விழுந்திருக்கு சார். ஆறரைக்கு மேடை ஏறுவான். போய் மிச்சத்தைக் கேளுங்க."