தூக்கிச் சாப்பிடும் வினை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் துணி வெட்டுகிறவரை மாஸ்டர் என்பார்கள். சென்னியப்பன் அப்படி ஒரு மாஸ்டர். வயது ஐம்பத்திரண்டு. நூறு அடுக்குத் துணியைப் பிசகாமல் வெட்டுகிற அந்தக் கைக்கு ஆங்கிலத்தில் நாலு வரி எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். அதற்காகவே தினமும் காலை ஏழு மணிக்கு, வேலைக்குப் போகும் வழியில், ஒரு பேக்கரி மாடியில் பாடம் நடத்தும் ரெஜினாவிடம் ஆங்கிலம் படிக்க வந்தார்.

ரெஜினாவுக்கு இருபத்தாறு வயது. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை மாஸ்டர் என்பாள். யார் குரு, யார் சீடர் என்று வெளியாள் குழம்பலாம். அவர்கள் இருவரும் ஒருநாளும் குழம்பியதில்லை.

அன்று நோட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்.

"ஏனுங் டீச்சர், மத்தவங்களைத் தூக்கிச் சாப்பிடறதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க?"

"அவுட்டூ (outdo)."

சென்னியப்பனுக்கு ஒரே சந்தோஷம். அவுட் தெரியும், டூ தெரியும். இரண்டையும் ஒட்டவைத்தால் தீர்ந்தது வேலை. எழுந்து போய்ப் பலகையில் 'ஐ அவுட்டூ' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதினார்.

"யாரை?" என்றாள் டீச்சர்.

"பொதுவாத்தானுங்க."

"இந்த வினை பொதுவா நிக்காது, மாஸ்டர். பக்கத்துல ஒரு ஆள் வேணும்."

கொஞ்சம் யோசித்துவிட்டு 'நாச்சிமுத்து' என்று சேர்த்தார்.

நாச்சிமுத்து அதே கம்பெனியில் இன்னொரு மாஸ்டர். பதினெட்டு வருடமாக எதிர் மேஜை. இப்போது இன்சார்ஜ் வேலை ஒன்று காலியாகி இருந்தது. இரண்டு பேரும் கேட்டிருந்தார்கள். இந்தத் தடவை விட்டால் ஓய்வு பெறும்வரை கத்தியும் மேஜையும்தான் என்று சென்னியப்பனுக்குத் தெரியும். இன்டர்வியூ ஆங்கிலத்தில்.

"திங்கட்கிழமைதானே இன்டர்வியூ?"

"இன்னைக்குப் பத்து மணிக்கு மாத்திட்டாங்க. நேத்து சாயங்காலம் மேனேஜர் சொன்னாருங்க."

"நாச்சிமுத்துவுக்கும் சொல்லிட்டாரா?"

"அவரு லீவுங்க. மேனேஜர்தான் என்னையப் போன்ல சொல்லிரச் சொன்னாரு."

"சொன்னீங்களா?"

சென்னியப்பன் சாக்பீஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அவரு வரலைன்னா, நான் அவரை அவுட்டூ பண்ணின மாதிரித்தானுங்களே?"

"அது அவுட் பண்றது, மாஸ்டர். இது அவுட்டூ."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

டீச்சர் எழுந்து வந்து, பலகையில் நாச்சிமுத்துவை மட்டும் உள்ளங்கையால் துடைத்தாள்.

"படிங்க."

"ஐ அவுட்டூ..."

"முடிங்க."

"முடிக்க ஆளில்லீங்களே!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. முகம் சுண்டிப்போயிற்று. பதினெட்டு வருடப் பழக்கத்தில் இப்படி ஒரு காரியம் செய்யத் துணிந்தோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. டீச்சர் ஒன்றும் நடக்காததுபோல் கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் போனை எடுத்தார்.

"நாச்சிமுத்து, இன்டர்வியூ இன்னைக்குப் பத்து மணிக்கு வெச்சுட்டாங்கப்பா. நேத்தே சொல்லோணும். வேணும்னேதான் சொல்லாம விட்டேன். திட்டறதை நேர்ல வந்து திட்டு. இப்பக் கிளம்பு."

அந்தப் பக்கமிருந்து "வர்றேன்" என்று ஒரு சொல். போன் வைக்கப்பட்டது.

சென்னியப்பன் பலகையில் அந்தப் பெயரைத் திரும்ப எழுதினார். எழுத்து முன்னைவிட நேராக வந்தது. முழு வாக்கியத்தையும் மூன்று முறை உரக்கப் படித்தார். மூன்றாவது முறை கீழே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"வரட்டுங்க டீச்சர். அவரு வந்தாலும் ஜெயிக்கிற கை எனக்கு இருக்குது."

"இருக்கு மாஸ்டர்."

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

"ஒருவேளை, அவரு என்னையத் தூக்கிச் சாப்பிட்டுட்டா?"

"அப்பவும் வாக்கியம் முழுசாத்தான் இருக்கும். அதுல நீங்களும் இருப்பீங்க, மாஸ்டர்."