மைனா சொன்ன எறும்பு வைத்தியம்

“இந்தக் கடைக்குட்டி உடம்புல இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் ரத்தம் வரும். அப்புறம் பெரியவன்கிட்டப் போயிடலாம்!”

குளக்கரை மருத மரத்தின் வேரில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. பேசியது ஒரு தெள்ளுப்பூச்சி. பக்கத்தில் இன்னொரு தெள்ளுப்பூச்சி ஏப்பம் விட்டது.

நான் ஒரு மைனா. அந்த வேர்ப்பொந்துக்குள் செவலை என்ற நாய் நான்கு குட்டிகள் ஈன்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. கடைக்குட்டி அழுவதற்கு வாய் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். மற்ற மூன்றுக்கும் ஈறு நல்ல சிவப்பு. அதற்கு மட்டும் சோற்றுப் பருக்கைபோல வெளுத்திருந்தது.

உடனே செவலையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கூச்சம். அதிகம் பழகாத ஒருத்தியிடம், “உன் வீட்டில் பூச்சி இருக்கிறது” என்று எப்படிச் சொல்வது? பொழுது சாயும்வரை கிளையில் உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்தேன். முன்னுரை மட்டும் மிக நன்றாக வந்தது.

மறுநாள் காலை போனேன். எனக்கு முன்பே எருமையும் சாரைப்பாம்பும் வந்திருந்தார்கள். செவலை காதைச் சொறிவதும் குட்டிகளை நக்குவதுமாக இருந்தாள். அவள் கண்ணில் தூக்கமே இல்லை.

“சேத்துல போட்டுப் புரட்டி எடு, செவலை!” என்றாள் எருமை. “என்னைப் பாரு. ஒரு பூச்சி அண்டுதா?”

அவள் காதில் மூன்று உண்ணிகள் தொங்கின.

“சேறு காயுறதுக்குள்ள குட்டி குளிர்ல விறைச்சுடும், அக்கா.”

“எதுக்கு இவ்வளவு கஷ்டம்?” என்றது சாரை. “பழைய தோலைக் கழட்டிப் போட்டுட வேண்டியதுதானே! நான் எப்பவும் அப்படித்தான் பண்றேன்.”

செவலை திரும்பவும் காதைச் சொறியத் தொடங்கினாள்.

என் முறை வந்தது. சாரை இருந்ததால் ஒரு கிளை உயரத்தில் நின்றே பேசினேன். முன்னுரையில் தெள்ளுப்பூச்சிகள் பேசியதைச் சொன்னேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வைத்தியத்துக்கு வந்தேன்.

“பறவைகளாகிய நாங்கள் உடம்பில் பூச்சி பிடித்தால் எறும்புப் புற்றின் மேல் இறகை விரித்துப் படுப்போம். எறும்புகள் கோபத்தில் புளிப்புத் தண்ணீரைப் பீய்ச்சும். பூச்சிகள் ஓடிப்போகும்!”

“எங்களுக்கு இறகு இல்லையேம்மா?”

“அது ஒரு சின்ன வித்தியாசம்தான்!” என்றேன்.

செவலை குட்டிகளைப் பார்த்தாள். “பிள்ளைங்களுக்கு வேணாம். முதல்ல நான் படுத்துப் பார்க்கிறேன்” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை அவளுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் புற்றில் படுத்தாள். அடுத்த நொடி அவள் போட்ட சத்தத்தில் குளத்துக் கொக்குகள் மொத்தமும் எழுந்து பறந்தன!

வயிறெல்லாம் தடித்துச் சிவந்துபோய்த் திரும்பி வந்தாள். மடியில் பால் இருந்தது. ஆனால் அந்தப் புளிப்பு வாடைக்கு எந்தக் குட்டியும் கிட்டே வரவில்லை. மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவள் குளத்தில் முங்கி, வெயிலில் காய்ந்து, வாடை போவதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அதுவரை மூன்று குட்டிகள் பசியில் கத்தின. கடைக்குட்டி கத்தவில்லை. கத்துவதற்கு அதனிடம் தெம்பு இல்லை.

எருமை என்னைப் பார்த்தாள்.

“உன் வைத்தியம் நல்லாத்தான் இருக்கு மைனா. எறும்புக்கு!”

நான் ஒரு மேகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவலை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பறந்துபோக ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். “அந்தப் பூச்சிங்க பேசினதைக் கேட்டேன்னு சொன்னியே. வேற என்ன சொல்லுச்சுங்க?” என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. முதல் வாக்கியத்தைக் கேட்டதுமே நான் முன்னுரை எழுதப் போய்விட்டேனே!

திரும்பவும் போய் வேரில் உட்கார்ந்தேன். அலகை மூடிக்கொண்டு கேட்டேன்.

“அவ குளத்துல எத்தனை முங்கு போட்டா என்ன?” என்று சிரித்தது தெள்ளுப்பூச்சி. “நம்ம முட்டையும் புழுவும் இந்தச் சருகுக்குள்ளதானே கிடக்கு! அவ இங்க வந்து படுத்துத்தானே ஆகணும்!”

நான் ஒரே பாய்ச்சலாகப் பறந்தேன். “அக்கா! படுக்கை!” என்று கத்தினேன். முன்னுரை எதுவும் இல்லை.

செவலை ஒவ்வொரு குட்டியாகப் பிடரியைக் கவ்வி, வெயில் விழும் பாறையில் கொண்டுபோய் வைத்தாள். பொந்தின் சருகையெல்லாம் இழுத்துத் தூரத்துக் கட்டாந்தரையில் போட்டாள். மிச்சத்தைச் சாரை மூலைமுடுக்கெல்லாம் புகுந்து வெளியே தள்ளியது. அதன் வழவழப்பான உடம்பில் எந்தப் பூச்சியும் தொற்றவில்லை. எருமை கொம்பில் புது வைக்கோலைக் குத்திக்கொண்டு வந்தாள்.

வீடு சுத்தமாயிற்று. ஆனால் குட்டிகள்மேல் இருந்த பூச்சிகள் அப்படியேதான் இருந்தன.

“குளத்துல ஒரு முக்கு முக்கிடலாமா?” என்றாள் எருமை.

“வேணாம் அக்கா, தாங்காது.” செவலை முன்பல்லால் கடித்துப் பார்த்தாள். பூச்சி நழுவி நழுவி ஓடியது. “என் பல்லுக்கு இது ரொம்பச் சின்னது.”

நான் வேறென்ன வைத்தியம் உண்டு என்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ஏண்டி மைனா,” என்றாள் எருமை, “தினமும் என் முதுகுல உண்ணி பொறுக்குறியே. அதை எதால பொறுக்குற?”

சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை! அது என் காலைச் சாப்பாடு. அதை யாராவது வைத்தியம் என்று நினைப்பார்களா?

மெதுவாகப் பாறையில் இறங்கினேன். அடுத்தவள் பிள்ளையைத் தொடவும் கூச்சமாக இருந்தது. செவலை நகர்ந்து இடம் விட்டாள். கடைக்குட்டியின் கழுத்து மயிரை நுனி அலகால் விலக்கினேன். தோலைக் குத்தாமல் ஒன்றை எடுத்தேன். பிறகு காதோரம். பிறகு வாலடி. பிறகு மற்ற மூன்று குட்டிகள். கடைசியில் செவலைக்கு எட்டாத அவளுடைய காதின் பின்பக்கம்.

“காலையில எவ்வளவு அழகாப் பேசினீங்க! இன்னும் கொஞ்சம் பேசுங்களேன்!” என்று கெஞ்சியது ஒரு தெள்ளுப்பூச்சி.

வாய் நிறைய இருந்ததால் பேச முடியவில்லை.

ஒருநாளில் முடிகிற வேலையா அது? தினமும் காலையில் எருமை வைக்கோல் மாற்றினாள். நான் பொறுக்கினேன். பால் கொடுக்கிற உடம்பு என்பதால் செவலைமேல் யாரும் சேறோ மருந்தோ எதையும் பூசவில்லை. கடைக்குட்டியின் ஈறு கொஞ்சங்கொஞ்சமாக நிறம் மாறியது.

எட்டாம் நாள், வேலை முடிந்து கிளையில் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியுமா? நடந்ததையெல்லாம் ஒரு நீதியாகத் திரட்டி, கீழே உள்ளவர்களுக்குச் சொன்னேன்.

“நமக்கு ஒத்துக்கொண்ட வைத்தியத்தைப் பிறர் குழந்தைக்குச் சொல்லாதே, கிட்டே போய்ப் பார்த்து, கையால் ஆனதைச் செய்!”

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் வைக்கோல்மேல் இருந்தது. அங்கே கடைக்குட்டி, தன் பெரிய அண்ணனின் தலையை மிதித்து ஏறி, அவனைப் புரட்டித் தள்ளிவிட்டு, அவன் குடித்துக்கொண்டிருந்த காம்பைப் பிடித்துக்கொண்டது.