சிங்கராயரின் பித்தளைப் பின்

தூத்துக்குடி உப்பு வியாபாரி சிங்கராயர், தன் மகள் செல்மாவைப் பெண் பார்க்க வந்தவர்களையும் அவளையும் இன்ஜின் வைத்த தன் பாய்ப்படகில் ஏற்றிக் கடல் காட்டப் போனார். "படகு வேலையெல்லாம் நானே என் கைப்படச் செய்வேன்" என்று வழியெல்லாம் பெருமை வேறு. திரும்பும்போது இன்ஜின் அலறியது, படகு நகரவில்லை. அடியில் சுழலும் விசிறி கழன்று கடலுக்குள் போயிருந்தது.

சிங்கராயர் வேலையாள் தொம்மையின் சட்டையைப் பிடித்தார். "நட்டு கழலாம இருக்க நான் போட்ட பித்தளைப் பின்னை எங்கலே வித்த? திருட்டுப்பயலே! முங்கி விசிறிய எடுத்துட்டு வா, இல்லன்னா போலீசுதான்."

எல்லோரும் பார்க்க, தொம்மைக்கு உடம்பு கூசிப்போனது. கடலில் குதித்தான். விசிறி மாட்டியிருந்த தண்டைத் தடவிப் பார்த்துவிட்டு மேலே வந்தான்.

"முதலாளி, பின்னு போட்டது உங்க கையாலதானா?"

"பின்னே? தண்டுத் துளையில செருகி, ரெண்டு முனையையும் வளைச்சே விட்டேன்!"

"தண்டுல துளையே இல்லியே முதலாளி. அதையுமா நான் திருடிட்டேன்?"

மாப்பிள்ளைப் பையன் சிரித்துக்கொண்டே குதித்தான். ஏறி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை. "ஆமாப்பா. புதுத் தண்டு. துளை போடவே இல்ல."

சிங்கராயர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "சரி, பாயை ஏத்துங்க, கரைக்குப் போவோம்" என்றார் பையனின் அப்பா. கல்யாணப் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவே இல்லை.

தொம்மை பாய்க்கயிற்றை இழுத்தபோது செல்மா வந்து கூடப் பிடித்தாள். "அப்பாவை மன்னிச்சிருங்கண்ணே" என்றாள். திருட்டுப் பட்டம் நீங்கியும், தொம்மையால் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.