எயினன் கையின் மூன்று வரிகள்

அந்தக் காலத்தில் மனிதன் கேட்டால் பறவை பதில் சொல்லும். ஆனால் படையில் யார் முன்னால் போவது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தளபதிக்குப் பொற்கடகம் உண்டு, காலாளுக்கு வெறுங்கைதான்.

அப்படிப்பட்ட காலாட்கள் முப்பது பேர், போரில் தோற்றுத் திரும்பும்போது ஓர் உப்புச் சதுப்பின் கரையில் மாட்டிக்கொண்டார்கள். பின்னால் பகைவர். முன்னால் ஆளை விழுங்கும் சேறு, அதன்மேல் மூடுபனி. தளபதி குதிரையேறி எப்போதோ சுற்றுவழியில் போய்விட்டார். அவர்களில் ஒருவன் கொற்றன். ஊரில் பிறந்திருந்த மகளின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை.

அவன் தோழன் எயினன், கரையில் இறங்கியிருந்த வாத்திடம் போனான். "இவ்வளவு தூரம் பறந்து வர்றீங்களே, ஒருத்தரும் வழி தவறலையா?"

"ஒருத்தன் முன்னால போவான். அவன் சிறகைப் பார்த்து மத்தவங்க ரெண்டு பக்கமும் விரிஞ்சு வருவோம். அவன் களைச்சா அடுத்தவன் முன்னால வரணும்."

"முன்னால போறவனுக்கு என்ன கிடைக்கும்?" என்று கொற்றன் குறுக்கிட்டான்.

"எதிர்காத்து. வேற என்ன?" என்றது வாத்து.

எயினன் வெள்ளைக் களிமண்ணைத் தொட்டு, வாத்துகள் பறக்கும் வடிவில், கூர்முனை முழங்கையைப் பார்க்க, மேல்கையில் ஒரு வரி இழுத்துக்கொண்டான்.

"அடேயப்பா, பெரிய ஆளாயிட்டான்!" என்று கொற்றன் கேலி செய்தான்.

"பனியில உங்களுக்கு என் கை தெரியணும்ல?"

ஈட்டிக் காம்பால் சேற்றைக் குத்திப் பார்த்தபடி, வரி போட்ட கையை உயர்த்திக்கொண்டு, எயினன் பத்துப் பேரை அக்கரை சேர்த்தான். திரும்பி வந்தான். ஒரு தடவை போய் வந்தவன் என்று தெரிய இரண்டாம் வரி போட்டுக்கொண்டு அடுத்த பத்துப் பேரைக் கூட்டிப்போனான். மறுபடி வந்து மூன்றாம் வரி போட்டபோது அவன் களைத்துப்போய் ஈட்டியை ஊன்றிக்கொண்டதைக் கொற்றன் பார்த்தான். 'நான் முன்னால போறேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கொற்றன் அதைச் சொல்லவில்லை.

பாதி வழியில் எயினன் மார்பளவு புதைந்தான். கொற்றன் ஈட்டியை நீட்டினான், எட்டவில்லை.

"கிட்ட வராதே! என் கையைப் பார்த்து இடப்பக்கமா போங்க!"

தலை மறைந்த பிறகும் அந்தக் கை மட்டும் நிமிர்ந்து நின்றது. மூன்று வரிகளின் கூர்முனைகளும் வானத்தைப் பார்த்திருந்தன. அழுதுகொண்டே விலகி நடந்து மிச்சப் பேரும் கரையேறினார்கள்.

அக்கரையில் காத்திருந்த தளபதி நடந்ததைக் கேட்டு, எயினனின் தோழன் என்பதால் கொற்றனிடம் ஒரு பொற்கடகத்தை நீட்டினார். "இனி இவர்களுக்கு நீதான் முதல்வன்."

"கடகம் வேண்டாங்க." கொற்றன் சேற்றைத் தொட்டுத் தன் மேல்கையில் ஒரே ஒரு வரி இழுத்தான்.

"மூணு போடுடா," என்றான் பக்கத்தில் நின்றவன்.

"நான் இன்னும் ஒரு தடவைகூட முன்னால போகலையே. இனிமே போவேன்."

அன்று முதல்தான் சிப்பாயின் சட்டைக் கையில் வரி ஒன்றொன்றாக ஏறுகிறது, ஹவில்தார் பதவிக்கு உயரும்போது மூன்றாகிறது. கை தொங்கும்போது அதன் கூர்முனை மண்ணைப் பார்க்கும். பின்னால் வருகிறவர்களுக்காக அந்தக் கையை உயர்த்தினால்தான் வானத்தைப் பார்க்கும்.