பிளவு விட்ட வளையம்

சூசைராஜ் ஐம்பது வயதுக்கு மேல் மாணவரானவர். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத்து ஓட்டியே தலை நரைத்தவர். பேரிங் பொருத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்ல மறந்த நாட்களில் அவரே சொல்லிக்கொள்வார்.

அந்தக் கம்பெனி மூடியதும், ஆளில்லா விமானங்களுக்குக் கார்பன் இழையில் இறக்கை செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் குரு, அவரைவிடப் பத்து வயது இளையவரான வேதநாயகி. வரைபடம் எல்லாம் அந்த அம்மாள் கையில்தான். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை அண்ணா என்பார். யார் குரு, யார் சீடர் என்று வெளியாட்கள் குழம்பிப்போவார்கள்.

சேர்ந்த புதிதிலேயே ஒரு பொருள் சூசைராஜின் கண்ணை உறுத்தியது. இறக்கையின் மூட்டில் கார்பனால் செய்த ஒரு கூடு இருக்கும். அதற்குள் எஃகு பேரிங் உட்காரும். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய உலோக வளையம் வைக்கச் சொல்லியிருந்தார் வேதநாயகி. அதில் சுற்றிலும் பிளவு விட்டிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் திரும்பி வரும்.

“இது எதுக்குங்க மேடம்? தொட்டாலே வளையுது. பேரிங் பக்கத்துல இப்படி ஒண்ண வெச்சா, எங்க பழைய கம்பெனில தொரத்தியே விட்டிருப்பாங்க.”

வேதநாயகி சிரித்தார். “இப்போதைக்கு வெச்சுட்டு வாங்கண்ணா. ஒரு நாள் சொல்றேன்.”

அது சூசைராஜுக்குப் பதிலாகவே படவில்லை. வளையும் பொருளை அவருக்கு என்றுமே பிடிக்காது.

வேதநாயகி வெளியூர் போயிருந்த வாரத்தில், கடற்கரையை அளக்கும் ஒரு விமானத்துக்கு மூட்டு செய்யவேண்டி வந்தது. நம் கைவரிசையைக் காட்ட இதுதான் சமயம் என்று நினைத்தார் சூசைராஜ். பிளவு வளையத்தை ஓரமாக வைத்துவிட்டு, அலுமினியத்தில் பிளவே இல்லாத கெட்டி வளையம் ஒன்றைத் தானே கடைந்தார். அதைப் பேரிங்கின் மேல் ஏற்றினார்.

பழைய பழக்கத்தில் முதலில் கூட்டைச் சூடாக்கினார். இரும்புக் கூடாக இருந்தால் சூட்டில் விரிந்து பேரிங்கை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஆறியதும் இறுக்கிப் பிடிக்கும். கார்பன் கூடு இம்மியும் விரியவில்லை. அப்போதாவது அவர் நின்று யோசித்திருக்கலாம். அதைத் தன் திறமைக்கு வந்த சவாலாக எடுத்துக்கொண்ட மனிதர், வளையத்தோடு பேரிங்கை டிரை ஐஸில் போட்டுச் சுருங்கவைத்து உள்ளே இறக்கினார். குளிர் விட்டதும் அது விரிந்து இறுகியது. ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. மனசு குளிர்ந்துபோனது.

மேடம் வந்ததும் காட்டி அசத்தவேண்டும் என்றிருந்தார். அதற்குள் மூட்டு பெட்டியில் ஏறிப் போய்விட்டது.

சில வாரத்தில் அதே பெட்டி திரும்பி வந்தது. ராமநாதபுரம் பக்கம் உச்சி வெயிலில் நின்றிருந்த விமானத்தின் மூட்டு, கிளம்பும் முன்னாலேயே விரிசல் விட்டிருந்தது. நல்லவேளை, பறக்கவில்லை.

முதலாளி உட்பட எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். உடைந்தது கார்பன். ஆகவே எல்லார் கண்ணும் கார்பன் இழையை அடுக்குகிற ஜன்னத்தின் மேல் போனது. ஜன்னத் குனிந்து விரிசலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அடுக்கறப்ப உள்ளாற காத்து நின்னுருக்கும் போல. நான்தான் சரியா அழுத்தாம விட்டுருப்பேன்,” என்றாள்.

செய்யாத தப்பை அவள் தன் கையிலேயே தேடிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சூசைராஜ் வாயைத் திறக்கவில்லை. வேதநாயகி உடைந்த மூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

மறுநாளிலிருந்து ஜன்னத் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. புதிதாகத் துண்டுகள் செய்து, அறுத்து, காற்றுக் குமிழ் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் அடுத்ததை அறுத்தாள். சூசைராஜுக்கு அவள் மேசையைத் தாண்டிப் போகவே கூசியது. தண்ணீர் குடிக்கக்கூட வெளியே சுற்றிக்கொண்டு போனார்.

கடைசியில் வேதநாயகியின் அறைக்குப் போனார். சொல்லிவிடத்தான் போனார். வாசலைத் தாண்டியதும் நாக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

“இந்த உலோகமும் கார்பனும் ஏன் மேடம் ஒத்துப்போக மாட்டேங்குது?”

பழியை அந்த இரண்டின் தலையில் கட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

வேதநாயகி அவரை ஏறிட்டுப் பார்த்தார். “ரெண்டு மூட்டு பண்ணுங்கண்ணா. ஒண்ணுல பிளவு வளையம். இன்னொண்ணுல பிளவில்லாத கெட்டி வளையம்.”

கெட்டி வளையம் என்ற சொல் காதில் விழுந்ததும் சூசைராஜுக்கு உடம்பு வியர்த்தது. போய் இரண்டையும் செய்தார்.

இரண்டையும் பட்டறையின் தகரக் கூரைமேல் வெயிலில் வைக்கச் சொன்னார் வேதநாயகி. சுவர் நிழலில் இருவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்தார்கள். வேதநாயகி தன் மகளின் பள்ளிக்கூட நாடகத்தைப் பற்றிப் பேசினார். சூசைராஜ் ஒரு வாய் கூட வைக்கவில்லை.

உச்சி வேளையில் கூரையிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. வேதநாயகி தலையைத் தூக்கவில்லை. “எடுத்துட்டு வாங்கண்ணா,” என்றார்.

ஏணியில் ஏறி, துணியைச் சுற்றி இரண்டையும் எடுத்துவந்தார். பிளவு வளையம் வைத்த மூட்டு வெயில் பட்ட சுவடே இல்லாமல் சுழன்றது. மற்றதில் கார்பன் விரிசல் விட்டிருந்தது. பெட்டியில் வந்த அதே இடம், அதே விரிசல்.

“சூட்டுல உலோகம் விரியும். கார்பன் விரியாது. ரெண்டும் அதது குணத்துக்குத்தான் நடந்துச்சு,” என்றார் வேதநாயகி.

சூசைராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நான்தாங்க மேடம். அந்த மூட்டுலயும் கெட்டி வளையத்தை நான்தான் போட்டேன். அந்தப் புள்ள பழி சுமந்து நிக்கிறதைப் பாத்துட்டே சும்மா நின்னேன்.”

“தெரியும். அன்னைக்கே பிரிச்சுப் பாத்துட்டேன்.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துமா இத்தனை நாள் அண்ணா அண்ணா என்று கூப்பிட்டார்? ஜன்னத்தை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டார்.

இல்லை என்றார் வேதநாயகி. பெட்டி வந்த அன்று சாயந்தரமே முதலாளி அந்தப் பேச்சை எடுத்திருக்கிறார். தன் வரைபடத்தில்தான் பிழை என்று வேதநாயகி சொல்லியிருக்கிறார். அடுத்த விமானத்தின் பொறுப்பை இவர் கையிலிருந்து வாங்கி வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக இவர் காத்திருந்த விமானம் அது. ஜன்னத்திடமும், உன் கையில் பிழையில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். மேடம் எனக்காகப் பொய் சொல்கிறீர்கள் என்று அவள் அழுதுவிட்டாளாம்.

சூசைராஜ் கூனிக் குறுகிப்போனார். நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கெட்டி வளையத்தைக் கடைந்த தன் கையைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்களே மேடம். என்னையும் காட்டிக் குடுக்காம, அந்தப் புள்ளையையும் விட்டுக் குடுக்காம, நடுவுல நீங்க எதுக்குங்க...”

வேதநாயகி டப்பாவை மூடினார். சட்டைப் பையிலிருந்து பிளவு விட்ட வளையம் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

“இது எதுக்குன்னு வந்த புதுசுல கேட்டீங்களேண்ணா.”

சூசைராஜ் கையை மூடினார். வளையம் அமுங்கியது, பிடி தளர்ந்ததும் பழையபடி வந்தது. உள்ளே ஜன்னத் எதையோ அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் எழுந்து, சுற்றிக்கொண்டு போகாமல், நேராக அவள் மேசைக்குப் போனார்.