சுபேதாரின் புது பூட்ஸ்

சுபேதார் வில்லவராயனுக்குப் புது பூட்ஸ் வந்தது. தோல் மரக்கட்டை மாதிரி விறைத்து நின்றது. போட்டால் காலைக் கடித்துக் குதறிவிடும். அந்தப் பாடு தனக்கெதற்கு என்று புதுச் சிப்பாய் மாசானத்தைக் கூப்பிட்டார்.

“டேய், பயிற்சி தொடங்குறதுக்குள்ள இதைப் போட்டுப் பழக்கி வை. நான் எப்படிப் போடுவேனோ அப்படியே பழக்கணும். அடியில ஒரு கீறல் விழுந்துச்சு, உன் தோலை உரிச்சிருவேன்!”

நடக்காமல் பூட்ஸ் எப்படிப் பழகும்? மாசானம் தலையைச் சொறிந்தான். அப்புறம், “சரிங்கய்யா” என்று ஒரு சல்யூட் வைத்தான்.

பயிற்சி நாள் காலையில் கேப்டனும் சுபேதாரும் அலுவலக அறைக்குள் நுழைந்தார்கள். சுபேதாரின் நாற்காலியில் மாசானம் சாய்ந்து கிடந்தான். பூட்ஸ் கால் இரண்டும் மேஜைமேல். கையில் டீ, வாயில் வடை.

“என்னடா திமிரு இது?” என்று சுபேதார் குதித்தார்.

மாசானம் துள்ளி எழுந்து, லாடம் கட்ட நிற்கும் குதிரை மாதிரி ஒரு காலைத் தூக்கிக் காட்டினான். “நீங்க தினமும் போடுற மாதிரியே பழக்கிட்டேங்கய்யா. அடியில ஒரு கீறல் இல்ல, பாருங்க.”

கேப்டன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “பூட்ஸ் உட்காரப் பழகிடுச்சு, சுபேதார். இன்னிக்கு மலையேற்றத்துல முன்னால போய் நடக்கப் பழக்கிடுங்க.”

சாயங்காலம் சுபேதார் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். மாசானம் ஓடிப்போய் வாங்கி, அடியைப் புரட்டிப் பார்த்தான்.

“ஐயய்யோ, கீறல் விழுந்துருச்சேய்யா!”